சிவனேஸ்வரி ரீச்சர் வடை சுட்ட எண்ணெய்

சிவனேஸ்வரி அக்கா எங்களுக்கெல்லாம் மாட்டுக் கொழுப்பில் வடை சுட்டுத் தந்தவர் என்று சிட்னி வென்ட்வேர்த்வில்லில் உள்ள பழைய ஆட்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். இந்தச் சிரிப்பு பிறகு வந்தது. எழுபத்தாறாம் ஆண்டு ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு என்ன நடந்தது என்று சரியாகத் தெரியாது. மற்றப் பாதிக்குத் தெரியும், ஆனால் தங்களுக்கு வசதியான பக்கத்தை மட்டும் சொல்லுவார்கள். அந்த வடையைத் தின்று விரதம் முடித்தவள் நான். அதனால் முழுக்கதையையும் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

அக்கா யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் சரித்திரம் படிப்பித்தவர். புருஷன் ஜெயரட்ணம் அண்ணைக்குச் சிட்னியில் எஞ்சினியர் வேலை கிடைத்து எழுபத்துநாலில் வந்தார்கள். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அவர் கதைப்பதில்லை, நாங்களும் கேட்பதில்லை. ஆள் நல்ல உயரம். சேலைக்கு மேலே ஒரு சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கோட்டுக்குக் கீழே சேலை காற்றில் அடிக்க, ரெயில் பிடிக்க ஓடுவார். எதைக் கேட்டாலும் ஆதியோடந்தமாகச் சொல்லாமல் விடமாட்டார். வீட்டில் உப்பு முடிந்துவிட்டது என்று ஒரு கிண்ணத்தோடு போய் நின்றால், உப்புக்காக உலகத்தில் நடந்த சண்டைகளை எல்லாம் சொல்லி முடித்துவிட்டுத்தான் உப்பை அள்ளிப் போடுவார். அடுப்பில் கறி வற்றிவிடும். ஆனாலும் எனக்கு அந்த ஊரில் தாய்க்குத் தாயாக, அக்காவுக்கு அக்காவாக இருந்தவர் அவர்தான்.

இங்கே ஒரு பெரிய பாடசாலையில் அவருக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. எழுபத்தாறில் அமெரிக்காவுக்கு இருநூறு வயது என்று உலகமெல்லாம் கொண்டாட்டம். பாடசாலையும் தன் பங்குக்கு, பழைய அமெரிக்கக் குடியேற்றங்களில் மக்கள் எப்படிப் பிழைத்தார்கள், என்ன விற்றார்கள், என்ன தின்றார்கள் என்று ஒரு தவணை முழுக்கப் படிப்பிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. அங்கே இருந்த சரித்திர ஆசிரியர்கள் ஒருவருக்கும் அதில் விருப்பமில்லை. புதிதாக வந்த மாட்டுக்குத்தானே நுகம். அக்காவின் தலையில் கட்டிவிட்டார்கள். அக்கா அதை ஆவலாகப் பிடித்துக்கொண்டார்.

சனிக்கிழமைகளில் நாங்கள் இருவரும் ஒன்றாகக் கடைக்கு நடப்போம். நான் பக்கத்து ஊரான கிரவீனில் இருந்து போவேன், அவர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்து வருவார். வழி முழுக்க அமெரிக்காதான். வேர்ஜீனியாவில் கையில் காசு புழங்காத காலத்தில் பாதிரியாருக்குச் சம்பளத்தைப் புகையிலையாகக் கொடுத்தார்களாம். எங்கள் ஊர்ப் புகையிலையில் ஒரு சிப்பத்தைக் கட்டி ஐயருக்குத் தட்சணையாகக் கொடுத்தால் அவர் என்ன செய்வார் என்று கேட்டேன். ஐயர் பக்கத்துக் கடைக்கு விற்றுப்போடுவார், அங்கேயும் அதுதான் நடந்தது என்றார். ஆணிக்குப் பஞ்சமாம்; வேறிடம் போகிறவன் தன் பழைய வீட்டைக் கொளுத்திவிட்டுச் சாம்பலில் ஆணி பொறுக்கிக்கொண்டு போவானாம். அவர்கள் பிடித்த மிருகத்தின் தோல் இங்கிலாந்துக்குப் போகும், அங்கேயிருந்து தொப்பியாக வரும், அதை அவர்களே விலை கொடுத்து வாங்க வேண்டும். இது நன்றாகத் தெரிந்த கதை என்றேன். நல்ல தேயிலை எல்லாம் லண்டனுக்குப் போக, தூளைக் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

அக்காவுக்கு அதில் மிகவும் பிடித்தது பெண்களின் பாடுதான். கோதுமை அந்த மண்ணில் சரிவரவில்லை, சோளமாவில் ரொட்டி சுட்டார்கள். சீனிக்கு விலை கூட, மரத்தில் வடியும் இனிப்புச் சாற்றைக் காய்ச்சினார்கள். வந்த இடத்தில் இல்லாததற்கு ஈடு தேடிக்கொண்டே இருக்கிறவள்தான் குடியேறினவள் என்று அக்கா சொல்லுவார். அவரே அப்படித்தான். கறிவேப்பிலைக்கு வேறொரு இலை, பனங்கட்டிக்கு வேறொரு கட்டி, தேங்காய்ப் பூவுக்குக் கேக்குக்குப் போடுகிற உலர்ந்த தேங்காய்த் துருவல். எங்கள் எல்லோருடைய குசினிக்கும் வழிகாட்டி அவர்தான்.

எண்ணெய்தான் பெரிய பிரச்சினை. வந்த புதிதில் தேங்காயெண்ணெய் எங்கேயும் கிடைக்கவில்லை. ஒரு குளிர்காலத்தில் அக்கா கடையின் குளிர்ப்பெட்டியில் வெள்ளை வெளேரென்று கட்டி கட்டியாக, கடதாசியில் சுற்றி அடுக்கியிருப்பதைக் கண்டார். மார்கழிப் பனியில் தேங்காயெண்ணெய்ப் போத்தல் உறைந்து போக, அதை முற்றத்து வெய்யிலில் வைத்துத் தலைக்குப் பூசின எங்களுக்கு, வெள்ளையாக உறைந்து கிடப்பது வேறென்னவாக இருக்கும்? கடைக்காரனிடம் பொரிக்க நல்லதா என்று கேட்டாராம். இதைவிட நல்லது இல்லை என்றானாம். கடதாசியிலும் பொரிக்க உகந்தது என்று மட்டும் போட்டிருந்தது. எந்த மிருகத்திலிருந்து வந்தது என்று ஒரு சொல் இல்லை. தேங்காய் மணம் இல்லையே என்று நான் கேட்டேன். யந்திரத்தில் வடிக்கிறார்கள், மணம் போய்விடும் என்றார். படித்தவர் சொல்கிறார், நம்பினோம். பிறந்ததில் இருந்து மச்சம் மாமிசம் தொடாத எங்களுக்கு மாட்டுக் கொழுப்பு எப்படி மணக்கும் என்று யார் சொல்லித் தந்தார்கள்?

அந்தக் காலம் சிட்னியில் எங்களுக்குக் கோயில் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் முறை வைத்து ஒவ்வொரு வீட்டில் கூடுவோம். புத்தகத் தட்டைத் துடைத்து முருகன் படத்தை வைத்து, அரியரத்தினம் அங்கிள் தேவாரம் பாடுவார். அவர் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். முட்டை போட்ட கேக்கை வெட்டிய கத்தியைக்கூடத் தொடமாட்டார். எந்த வீடானாலும் வடை மட்டும் சிவனேஸ்வரி அக்கா சுட்டுக்கொண்டு வர வேண்டும். வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு. ஊரில்கூட இப்படி ஒரு வடை தின்றதில்லை என்று அரியரத்தினம் அங்கிள் பாட்டுக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று என்று உள்ளே தள்ளுவார். அக்கா பூரித்துப்போய், அந்த வெள்ளைக் கட்டியை எங்கே வாங்குவது என்று எல்லாப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். எல்லா வீட்டுத் தாச்சிச் சட்டியிலும் அதுதான் கொதித்தது.

இனி என் கதை, கலாவின் கதை. எனக்கும் தேவராஜாவுக்கும் கலியாணமாகி இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்து போயின. மாமி ஊரில் இருந்து, என் சாதகத்தைப் பார்க்காமல் செய்துவிட்டோம் என்று யார் யாரிடமோ சொல்லி அனுப்பினா. எழுபத்தைந்து ஐப்பசியில் நாங்கள் இருவரும் கந்தசட்டி விரதம் பிடித்தோம். தையல் தொழிற்சாலையில் நின்ற நிலையில் வேலை செய்துகொண்டு, பால் பழத்தோடு கிடந்தேன். சூரன் போர் முடிந்த அடுத்த நாள் பாறணை. விரதத்தை முறித்து முதல் சோறு தின்கிற நாள். அதை அக்கா தன் வீட்டில் வைத்தார். விடிய எழும்பி ஐந்து கறி, பாயாசம், வடை. முதல் வடையை என் இலையில் தன் கையால் வைத்து, இந்த முறை முருகன் கைவிடமாட்டான் என்றார். எனக்கு அப்போது அழுகை வந்தது.

மாசியில் நான் உண்டாகியிருப்பதை டொக்டர் உறுதிப்படுத்தினார். மூன்று மாதம் கடந்தது, நாலு கடந்தது, பிள்ளை நின்றது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எல்லோரும் கந்தசட்டிப் பிள்ளை என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

சிட்னியின் ஆடிக் குளிரில், அமெரிக்காவின் பிறந்தநாளோடு, பாடசாலையில் ஒரு விழா. பிள்ளைகள் பழைய குடியேற்றக்காரர்கள் மாதிரி வெண்ணெய் கடைய வேண்டும், நூல் நூற்க வேண்டும், மெழுகுதிரி செய்ய வேண்டும். அந்தக் காலத்து மெழுகுதிரி கொழுப்பில் செய்தது. இலையுதிர் காலத்தில் மாடு வெட்டினால் இறைச்சியை உப்பில் போட்டு, கொழுப்பை உருக்கித் திரியும் சவர்க்காரமும் செய்து வைத்தால்தான் பனிக்காலம் கழியும். அக்கா இதை எனக்கு வழியில் சொல்லியிருக்கிறார். புத்தகத்தில் படித்துச் சொல்வது வேறு. சமையல் படிப்பிக்கிற அறையில் ஒரு பெரிய பானையில், இறைச்சிக் கடையில் வாங்கி வந்த மாட்டுக் கொழுப்பை அங்கே வேலை பார்த்த ஒரு அமெரிக்க ஆசிரியை உருக்கத் தொடங்கினாள். அக்கா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு யன்னலோரம் நின்றார்.

கொழுப்பு உருகி மணம் எழும்பியபோது அவருக்கு என்னவோ செய்தது. அருவருப்பு வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். வந்தது வேறு. அந்த மணம் அவருக்குத் தெரிந்த மணம். வெள்ளிக்கிழமை பின்னேரம் தன் குசினியில் எழும்புகிற மணம். தலைப்பை எடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய் நின்று மணந்து பார்த்தாராம். பிள்ளைகள் நூலைத் தோய்த்துத் தோய்த்து எடுத்தார்கள். நூலில் ஒட்டியது ஆறி வெள்ளையானது. பானையில் கொழுப்புக் குறைய, பக்கத்தில் நின்ற பாடசாலைச் சமையல் ஆசிரியை அலுமாரியைத் திறந்து, கவலை வேண்டாம், இதுவும் அதுதான், கடையில் துப்புரவாக்கி விற்கிறார்கள் என்று சொல்லி, கடதாசியில் சுற்றிய வெள்ளைக் கட்டி ஒன்றை எடுத்துப் பானையில் போட்டாள்.

அக்கா அன்றைக்கு வகுப்பை எப்படி முடித்தார் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து தாச்சியையும் கரண்டியையும் குப்பையில் போட்டுவிட்டு, குசினி நிலத்தில் குந்தியிருந்தாராம். இதெல்லாம் எனக்குப் பிறகு ஜெயரட்ணம் அண்ணை சொன்னது. அவர் வேலையால் வந்து விஷயத்தைக் கேட்டு முதலில் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். அரியரத்தினம் அங்கிள் தின்ற வடைகளை நினைத்துச் சிரித்திருக்கிறார். அக்காவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

"தெரியாமல் திண்டதில பாவமில்லை. வாயை மூடிக்கொண்டிரும்," என்றாராம்.

"எங்களுக்கு இல்லை. கலா அதிலதான் பாறணை பண்ணினவள். அவளின்ர வயித்தில இருக்கிறது அந்த விரதத்துக்கு வந்த பிள்ளை."

அதுதான் அக்காவைப் பிடித்துக்கொண்ட பயம். விரதம் மாட்டுக் கொழுப்பில் முறிந்தது. அப்படியானால் விரதமே இல்லை. விரதம் இல்லாவிட்டால் பிள்ளை எதன் பலத்தில் நிற்கிறது? எனக்குச் சொன்னால் நான் பயத்திலேயே மூன்றாவதையும் இழந்துவிடுவேன். சொல்லாமல் விட்டு, பிள்ளைக்கு ஏதும் நடந்தால், கொன்றது தான்தான் என்று அவருக்கு மட்டும் தெரியும். சரித்திரம் படித்த மனுஷி இப்படி நினைப்பாரா என்று கேட்பீர்கள். படிப்பு வேறு, பயம் வேறு. எனக்கும் அதே பயம்தான் இருந்திருக்கும்.

மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அவர் பட்ட பாடு சொல்லி முடியாது. பாடசாலையில் வேலை கூடிவிட்டது, இனி வடை சுட ஏலாது என்றார். ஆனால் மற்ற வீடுகளில் தாச்சி கொதித்துக்கொண்டிருந்ததே! வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை முருகனுக்கு முன்னால் அதே கட்டியில் பொரித்த பண்டம் வர, அக்கா வாயில் வைக்காமல் கைலேஞ்சியில் சுருட்டிக்கொண்டு போவார். போத்தல் எண்ணெய்தான் இருதயத்துக்கு நல்லது என்று எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தார். ஒருவரும் கேட்கவில்லை. பிறகு தானே போத்தல் போத்தலாக வாங்கி வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். ரீச்சருக்குத் தலைக்கனம் வந்துவிட்டது, எங்களுக்குச் சமைக்கப் படிப்பிக்கிறா என்று கதைத்தார்கள். என் வீட்டுக்கும் ஒரு போத்தல் வந்தது. வயிற்றோடு நிற்கிற என்னை ஒருநாளும் வந்து பார்க்காமல், எண்ணெயை வாசலில் வைத்துவிட்டுப் போகிறாவே என்று எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அந்தப் போத்தலை நான் திறக்கவே இல்லை.

பிள்ளை நாளுக்கு முந்தி ஆவணியில் பிறந்தது. மகள். உள்ளங்கைக்கு மேலே கொஞ்சம் என்று சொல்லலாம், அவ்வளவுதான். மூச்சு விடத் தெரியாமல் நீலம் பாரித்த குஞ்சைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் குழாய்களைச் செருகிவிட்டார்கள். நான் அதைத் தொடக்கூட முடியாது. கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு கதிரையில் இருப்பேன். டொக்டர் நம்பிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை. பார்ப்போம் என்றார்.

தேவராஜா நல்ல மனுஷன். ஆனால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தெரியாது. முருகன் தந்த பிள்ளையை முருகனிடமே கேட்பது என்று வெளிக்கிட்டார். போன முறை எந்தக் கையால் படைத்துக் கேட்டது கிடைத்ததோ அதே கையால் படைக்க வேண்டும் என்று அவருக்குப் பட்டது. கடைக்குப் போய் அந்த வெள்ளைக் கட்டியையும் தானே வாங்கிக்கொண்டு, அக்காவின் வீட்டு மேசையில் கொண்டுபோய் வைத்தார். அக்கா நின்ற இடத்திலேயே நின்றார்.

"அக்கா, அண்டைக்குச் சுட்ட மாதிரியே உங்கட கையால ஒருக்காச் சுட்டுத் தாங்கோ. சாமிக்கு முன்னால வைச்சுக் கேக்கப்போறன். என்ர பிள்ளை சாகக்கூடாது."

சரி தம்பி என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டு, வேறு எண்ணெயில் சுட்டுக் கொடுத்திருக்கலாம். யார் கண்டது? ஜெயரட்ணம் அண்ணை பின்னால் நின்று அதைத்தான் கண்ணால் சொன்னாராம். அக்கா செய்யவில்லை. பிள்ளையின் உயிரைக் கேட்கிற ஒருவனின் படையலில் பொய் வைக்க அவருக்குக் கை வரவில்லை.

"தேவா, இது தேங்காயெண்ணெய் இல்லை. மாட்டுக் கொழுப்பு. அண்டைக்கும் நான் இதிலதான் சுட்டனான்."

எப்போது தெரியும் என்று தேவராஜா கேட்டார். ஆடியில் என்றார் அக்கா. தேவராஜா எழும்பிப் போய்விட்டார். கட்டி மேசையிலேயே கிடந்தது. பொல்லுத்தடியைக் கொடுத்து அடி வாங்குவது என்று எங்கள் ஊரில் சொல்லுவார்கள். அக்கா செய்தது அதுதான்.

தேவராஜா நேரே அரியரத்தினம் அங்கிளிடம் போனார். அந்த வெள்ளிக்கிழமை நடந்த கூட்டத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பல்லைக் கடிக்க வருகிறது. எல்லோரையும்விட அதிகம் தின்ற அங்கிள்தான் எல்லோரையும்விட அதிகம் துடித்தார். மஞ்சள் தண்ணீர் தெளித்து, உபவாசம் இருந்து, சட்டி பானை எல்லாம் எறிவித்தார். அக்கா வீட்டில் ஒருவரும் தண்ணீர்கூட வாங்கக்கூடாது, அவர்களை வெள்ளிக்கிழமைக்குக் கூப்பிடக்கூடாது என்று முடிவாயிற்று. மற்றப் பெண்கள் எல்லோரும் அதே கட்டியில் பொரித்தவர்கள்தானே. ஒருத்தியாவது, நானும் வாங்கினேன், நானும் மணந்து பார்க்கவில்லை என்று சொன்னாளா? வாயைத் துடைத்துக்கொண்டு அக்காவைக் கை காட்டினார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அக்கா ஒரு சமாதானமும் சொல்லவில்லை. தெரிந்த பிறகும் சொல்லாமல் இருந்தது தன் பிழை என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பி வந்தாராம்.

தேவராஜா ஆஸ்பத்திரியில் வந்து என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார். பெட்டிக்குள் கிடக்கிற குஞ்சைப் பார்த்தேன். அதனால்தானா என்று நினைத்தேன். நினைக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். அக்காவின் வீட்டு வாசலை இனி மிதிக்கமாட்டேன் என்று பிள்ளையின் தலைமேல் சத்தியம் பண்ணச் சொன்னார் தேவராஜா. பிள்ளையின் தலையைத் தொட முடியாது, கண்ணாடி இருக்கிறது என்றேன். அந்தச் சத்தியம் அப்படியே நின்று போனது.

அதற்குப் பிறகு பிள்ளை தேறத் தொடங்கியது. ஒரு குழாயைக் கழற்றினார்கள், பிறகு மற்றதை. ஒருநாள் கண்ணைத் திறந்து கொட்டாவி விட்டது. நான் தாதியைக் கட்டிப்பிடித்து அழுதேன். ஊர் என்ன சொன்னது தெரியுமா? அந்தத் தீட்டை விலக்கின பிறகுதான் பிள்ளை கண் விழித்தது என்று அரியரத்தினம் அங்கிள் சொன்னார். எல்லோரும் ஆமோதித்தார்கள். தேவராஜாவும் நம்பினார். பெட்டியும் குழாயும், தூங்காமல் நின்ற தாதிகளும் ஒருவர் கண்ணிலும் படவில்லை. சிவனேஸ்வரி அக்காவை ஒதுக்கினது மட்டும் பிள்ளையைக் காப்பாற்றிய மருந்தாகிவிட்டது. இனி அந்த மருந்தை நிறுத்த யாருக்குத் துணிவு வரும்?

பெட்டியில் இருந்து பிள்ளையை முதல் முறை என் மடியில் தந்த அன்று, அந்தத் தாதி சொன்னாள், உன் அன்ரி இன்றைக்கும் போன் எடுத்துக் கேட்டா என்று. எந்த அன்ரி என்று கேட்டேன். பெயர் சொல்லவில்லை, ஒவ்வொரு நாளும் காலையில், வகுப்புத் தொடங்க முந்தி எடுக்கிறேன் என்று சொல்லுவா, பிள்ளை மூச்சு விடுகிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவா என்றாள். எனக்கு இந்த ஊரில் வேறு ரீச்சர் யாரும் இல்லை.

அந்த வருஷம் முடியவே அவர்கள் மெல்பேர்னுக்குப் போய்விட்டார்கள். இங்கே பாடசாலையில் அவரை நிரந்தரமாக்கத் தயாராக இருந்தார்கள். விட்டுவிட்டுப் போனார். கடைத்தெருவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர்களுக்கு நடுவில் எத்தனை நாள் இருப்பது? இப்போதும் அந்த நகரத்தில், மல்கிரேவ் என்ற இடத்தில் இருக்கிறார். ஓய்வு பெறும் வரை அங்கே சரித்திரம் படிப்பித்தார். வயது எண்பதைத் தாண்டியும், போனில் ஒரு கேள்வி கேட்டால் ஆதியோடந்தமாகத்தான் பதில் வரும்.

ஆனால் அவர்கள் போக முந்தி நான் ஒரு முறை அங்கே போனேன். பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிந்து, பிள்ளையை வெளியே கொண்டுபோகலாம் என்று ஆன பிறகு. கோயில் இருக்கிற ஊர் என்றால் முதலில் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். ஒரு சனிக்கிழமை தேவராஜா மேலதிக வேலைக்குப் போனதும், பிள்ளையைத் துணியால் சுற்றிக் குழந்தை வண்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு கிரவீனில் இருந்து நடந்தேன். பயம் இல்லாமல் போகவில்லை. வழியில் இரண்டு முறை நின்று பிள்ளை மூச்சு விடுகிறதா என்று மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தேன். அங்கிள் சொன்னது சரியாக இருந்தால் என்ன செய்வேன்? திரும்பிப் போவோமா என்றும் நினைத்தேன். போகவில்லை.

அக்கா கதவைத் திறந்தார். மெலிந்து போயிருந்தார். என்னைப் பார்த்தார், வண்டிலைப் பார்க்கவில்லை. தேவாவுக்குத் தெரியுமா என்று கேட்டார். அது என் பாடு என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதிரையில் இருந்தேன். பிள்ளையைத் தூக்கி நீட்டினேன். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். பாடசாலைப் பிள்ளைகள் பிழை செய்துவிட்டு நிற்பார்களே, அப்படி.

"கை கழுவிப்போட்டு வாறன்," என்று குசினிக்குப் போனார்.

தண்ணீர் திறந்த சத்தம் கேட்டது. நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். சவர்க்காரம் போட்டுத் தேய்க்கிற சத்தம் கேட்டது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பிள்ளை நெளிந்தது, கொட்டாவி விட்டது, திரும்பவும் நித்திரையாய்ப் போனது. அவர் வரவில்லை. குழாய் மூடவில்லை. எவ்வளவு கழுவினாலும் அந்தக் கை தனக்குச் சுத்தமாகாது என்று அவர் நினைத்துக்கொண்டு நிற்கிறார் என்று எனக்கு விளங்கியது. அப்போது எனக்கு வந்த கோபம் அக்காவின் மேல் இல்லை. மஞ்சள் தண்ணீர் தெளித்த எல்லோர் மேலும் வந்தது. பிள்ளையோடு எழும்பிக் குசினிக்குள் போனேன். அவர் முழங்கை வரை சிவக்கச் சிவக்கத் தேய்த்துக்கொண்டு நின்றார். நான் எட்டிக் குழாயை மூடினேன்.

"அக்கா, அந்த வடையைத் திண்டாப் பிறகு வந்த பிள்ளை இது. பிடியுங்கோ."

அவர் தலையை ஆட்டினார். வேண்டாம், கலா, வேண்டாம் என்று வாய் அசைந்தது. நான் பிள்ளையை அந்த ஈரக் கைகளில் வைத்துவிட்டு என் கையை எடுத்துவிட்டேன். எடுத்தால் அவர் பிடித்துத்தானே ஆகவேண்டும். குளிர் பட்டுப் பிள்ளை வீட்டையே தூக்குகிற மாதிரி வீரிட்டு அழுதது. அக்காவும் அழுதார். ஆனால் பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நான் போக வேண்டும் என்று சொல்லிக் கேட்டபோதும் அவர் தரவில்லை.